மேலிருந்து இரண்டாவது வரி

என் மேஜை இழுப்பறையில் ஒரு பத்து ரூபாய்த் தாள் எப்போதும் தனியாகக் கிடக்கும். சில்லறை இல்லை என்று யார் வந்து கெஞ்சினாலும் அதை எடுத்துத் தர மாட்டேன். டாக்டரே ஒரு நாள் டீக்கு அதை எடுக்கப் போய் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அது செலவுக்கு வைத்த தாள் இல்லை. நம் மொழி தெரியாமல் வந்து நிற்கிறவர்கள் எந்த ஊர் என்பதை அதை வைத்துத்தான் நான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே சின்னதாக ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அதன் வாசல் கவுண்டரில் பதினேழு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். பெயர், வயது, ஊர், என்ன செய்கிறது என்று கேட்டு எழுதுவதுதான் வேலை. டோக்கன் கொடுப்பதும் ரசீது போடுவதும் சத்தம் போடுவதும் அதோடு சேர்ந்தவை. என் சத்தத்துக்குப் பயந்தே வரிசையில் ஒழுங்காக நிற்பார்கள். அந்தக் கவுண்டரில் உட்கார்ந்தால் உங்களுக்கும் அந்தத் தொண்டை வந்துவிடும்.

இத்தனை வருஷத்தில் நானாகக் கற்றுக்கொண்ட வித்தை ஒன்று உண்டு. துட்டுக்கு ஒருவர் என்ன பேர் சொல்கிறார் என்று கேட்டால் போதும், அவர் எந்தப் பக்கத்து ஆள், வீட்டில் யார் எங்கே வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். கீழப்பாவூரிலிருந்து வருகிற வயக்காட்டுச் சம்சாரிக்கு அது துட்டு, அல்லது ரூவா. செங்கோட்டைப் பெரியவர் ஒருவர், கேரளத்து ராஜா காலத்துக் காசின் பேரைச் சொல்லி, "ஒரு சக்கரம் கையில கெடயாது, எழுதிக்கிடுங்க" என்பார். அந்தக் காசு செல்லாமல் போன பிறகுதான் நானே பிறந்தேன். மலேசியாவில் மகன் இருக்கிற அம்மாவுக்கு எல்லாமே வெள்ளி. கடையநல்லூரிலிருந்து வருகிறவர்கள் ஸ்கேன் என்று சொன்னவுடன் மனசுக்குள் ரியாலாகவும் திர்ஹமாகவும் வகுத்துப் பார்ப்பது முகத்திலேயே தெரியும். என் வீட்டுக்காரரும் அந்தக் கூட்டம்தான். மஸ்கட்டில் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர், இன்றைக்கும் கத்தரிக்காயைக் கையில் எடுத்தால் ரியாலில் கணக்குப் போடுவார். "சும்மா கெடங்க, இங்கன ரூவாதான் செல்லும்" என்று நான் அதட்டினால்தான் காய்க்காரிக்குத் துட்டு போகும்.

வடக்கேயிருந்து வேலைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தபோது இந்த வித்தை எனக்கு உண்மையிலேயே உதவியது. கட்டட வேலை, டைல்ஸ் வேலை, பரோட்டாக் கடை, மர அறுவை மில், எங்கே பார்த்தாலும் அவர்கள்தான். கூட்டிக்கொண்டு வருகிற மேஸ்திரியிடம் என்ன மொழி என்று கேட்டால், "எல்லாம் இந்திக்காரனுவதான் மேடம்" என்பான். அவனுக்கு என்ன தெரியும்? ஒரு தடவை வயிற்றுவலி என்று வந்தவனுக்காக, இந்தி தெரிந்த ஏடிஎம் வாட்ச்மேனைப் போய்க் கூட்டிவந்தேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அவன் டோக்கனுக்குப் பத்து ரூபாயை எடுத்து நீட்டியபடி, "தொஸ டங்கா" என்றான். டைல்ஸ் கடையில் ஒடிசாக்காரன் ஒருவன் அப்படிச் சொல்லி நான் கேட்டிருந்தேன். அவனுக்குப் போன் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் வந்து, எங்கே வலி, எப்போதிருந்து வலி என்று எல்லாம் கேட்டுச் சொல்லிவிட்டான்.

அன்றிலிருந்து அதையே வழக்கமாக்கிக்கொண்டேன். பேச்சு புரியாத ஆள் வந்தால் இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை முகத்துக்கு நேராகப் பிடிப்பேன். இது என்ன என்று கையால் கேட்பேன். மயக்கத்தில் இருக்கிறவனுக்குக்கூட ரூபாய் நோட்டு தெரியும். 'தஸ் ருப்பயா' என்றால் ஏடிஎம் வாட்ச்மேன். 'பதி ரூபாயலு' என்றால் தெலுங்கு, அதற்குப் பழக்கடைக்காரர் ஒருவர். 'டங்கா' என்றால் டைல்ஸ் கடை. எல்லோருடைய நம்பரையும் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். டாக்டர் தன் நண்பர்களிடம் என் வித்தையைச் சொல்லிச் சிரிப்பார். எனக்கும் கொஞ்சம் மண்டைக்கனம் ஏறியிருந்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

தாளை நான் பிடிக்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். காந்தி இருக்கிற பக்கம் அவர்களைப் பார்த்திருக்கும். பின்பக்கம், ஓரத்தில் பதினைந்து மொழியில் தொகை எழுதியிருக்குமே, அது என்னைப் பார்த்திருக்கும். அதில் கீழேயிருந்து மூன்றாவது வரி தமிழ். அந்த ஒரு வரியைத்தான் நான் படித்திருக்கிறேன்.

அந்த வருஷம் சீசன் நன்றாக இருந்தது. சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. அருவிக்குப் போகிற கூட்டத்தில் ரோடே அசையவில்லை. அந்த நெரிசலில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே எங்கள் வாசலுக்கு வந்தது. மதியம் சாப்பாட்டு நேரம். இரண்டு பேர் ஒருவனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். குற்றாலத்தில் புதிதாகக் கட்டுகிற ஒரு லாட்ஜில் சாரத்தில் வழுக்கி மூன்றாவது மாடியிலிருந்து விழுந்துவிட்டான் என்று ஆட்டோக்காரர் சொன்னார். தூக்கிவந்த இருவரும் வடக்கத்திக்காரர்கள்தான். மேஸ்திரியைக் கூட்டி வருவதாகக் கைஜாடை காட்டிவிட்டு அதே ஆட்டோவில் திரும்பிப் போனார்கள்.

விழுந்தவனுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். சட்டைப் பையில் ஒரு பீடிக்கட்டும் ஈரமான தீப்பெட்டியும் மட்டும் இருந்தன. ஆதார் இல்லை, போன் இல்லை. கேரளத்துப் புனலூர்க்கார சிஸ்டர் ஒருத்தி எங்களிடம் வேலை பார்க்கிறாள். அவள் தலைக்காயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "ஆள் யாருன்னு கண்டுபிடிங்க. வீட்டாளுங்க வரணும். தாமதம் ஆகக் கூடாது" என்று என்னிடம் சொன்னார். அவன் பிழைப்பானா என்பது அவருக்கே தெரியவில்லை. ஆனால் அவனுடைய ஆட்கள் வந்து சேர வேண்டும். அதற்கு நான் அவன் யார் என்று எழுத வேண்டும். என்னிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

தாளை எடுத்துக்கொண்டு போனேன். கன்னத்தில் தட்டினேன். கண்ணைத் திறந்தான். முகத்துக்கு நேராகப் பிடித்து, "ஏய், இங்கன பாரு. இது என்னது?" என்றேன். தாளைப் பார்த்தான். பிறகு, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்டால் சொல்வது மாதிரி, தெளிவாகச் சொன்னான்.

"தொஷ் டாகா."

இன்னொரு தடவை கேட்டேன். இன்னொரு தடவையும் அதையே சொன்னான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

எனக்கு ஏக சந்தோஷம். டாகா! அது யாருடைய பணம் என்று எனக்குத் தெரியாதா? மஸ்கட்டில் என் வீட்டுக்காரர் அறையில் நான்கு பங்களாதேஷ்காரர்கள் இருந்தார்கள். சம்பளம் வாங்கின அன்றைக்கு ஊருக்கு எத்தனை டாகா போகும் என்று கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள் என்று அவர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். விறுவிறு என்று கவுண்டருக்கு வந்து பதிவு நோட்டைப் பிரித்தேன். பெயர் தெரியவில்லை என்று எழுதினேன். ஊர் என்ற இடத்தில் 'பங்களாதேஷ்' என்று எழுதினேன். சந்தேகக் குறிகூடப் போடவில்லை.

சிஸ்டர் எட்டிப் பார்த்தாள். "உறப்பா தெரியுமா சேச்சி? அங்கே இருந்து இவ்வளவு தூரம் வருவாங்களா?" என்றாள்.

"ஏட்டி, எங்க வீட்டுக்காரரு அவனுவகூட எட்டு வருஷம் ஒரே ரூம்ல கெடந்தவரு. எனக்குச் சொல்லித் தராத. போயி பிபி பாரு."

அவள் போய்விட்டாள்.

விபத்து என்று வந்தால் போலீசுக்குத் தகவல் சொல்வது விதி. சொன்னேன். வழக்கமாக மறுநாள்தான் வருவார்கள். அன்றைக்கு நான் போனில் பங்களாதேஷ் என்று சொன்ன அரை மணி நேரத்தில் ஸ்டேஷன் ரைட்டர் பைக்கில் வந்துவிட்டார். என் நோட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டார். "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். நான் தாளைக் காட்டி விளக்கினேன். அவரும் தலையாட்டிப் பாராட்டிவிட்டுப் போனார். அங்கிருந்து நேராகக் குற்றாலத்துக்குத்தான் போனார்கள். லாட்ஜ் பக்கத்துத் தகரக் கொட்டகையில் தங்கியிருந்த அவ்வளவு பேரையும் வரிசையாக நிற்கவைத்து ஆதார் கேட்டார்கள். கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்கள், யாரையும் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் கேட்டதே போதுமாக இருந்தது. இருட்டுவதற்குள் கொட்டகை காலி. சட்டி பானையைக்கூட எடுக்காமல் செங்கோட்டைப் பக்கம் பஸ் ஏறிவிட்டார்களாம். அவனைத் தூக்கிவந்த அந்த இரண்டு பேரும் போனார்கள். அவன் பெயரைத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் அந்தக் கொட்டகைக்காரர்கள் மட்டும்தான். மேஸ்திரி போனை அணைத்தவன்தான், பிறகு எடுக்கவே இல்லை.

மறுநாள் மூச்சு திணற ஆரம்பித்ததால் அவனைத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். கூடப் போக ஆள் இல்லை. சிஸ்டர்தான் ஆம்புலன்ஸ் வரைக்கும் கூடப் போய்ப் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தாள். அவனோடு ஒரு காகிதம் போனது. அதில் என் கையெழுத்தில் அந்த ஊர்ப் பெயர் இருந்தது. பார்த்தும்கூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கவுண்டரில் முப்பது பேர் நின்றிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, பரோட்டாக் கடையில் வேலை பார்க்கிற ஒருவன் கையில் எண்ணெய் கொட்டி வந்தான். கொஞ்சம் கொஞ்சம் தமிழ் பேசினான். ஆனால் வழக்கம் வழக்கம்தானே, நான் தாளைத் தூக்கிப் பிடித்தேன். வலியிலும் சிரித்துக்கொண்டே, "தொஷ் டாகா, அக்கா" என்றான்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. "என்னப்பா, நீயும் பங்களாதேஷா? எத்தன பேருதான் வந்துருக்கீங்க?"

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். வெந்த கையை அப்படியே தொங்கவிட்டு, நல்ல கையால் பர்ஸை எடுத்து, ஆதார் அட்டையை என் மேஜையில் வைத்தான். "அக்கா, நான் பங்களாதேஷ் இல்ல. மால்டா. மேற்கு வங்காளம். இந்தியா அக்கா." இதை அவன் இதற்கு முன்னால் பல இடத்தில் சொல்லியிருக்கிறான் என்று தெரிந்தது.

"அப்ப ஏன் டாகாங்க? ரூபாய்னு சொல்ல வேண்டியதுதான?"

"எங்க மொழியில இது டாகாதான் அக்கா. அங்கயும் டாகா, இங்கயும் டாகா. எங்க அம்மா, பாட்டி எல்லாரும் டாகாதான்." நான் நம்பவில்லை என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. என் கையிலிருந்த தாளைத் திருப்பி, பின்பக்கத்து வரிகளில் மேலிருந்து இரண்டாவது வரியில் விரலை வைத்தான். "படிங்க அக்கா. கவர்மெண்டே எழுதியிருக்கு. தொஷ் டாகா."

என்னால் எப்படிப் படிக்க முடியும்? கோடு போட்டுத் தொங்கவிட்ட எழுத்துகள். அதற்கு மேல் வரியும் கிட்டத்தட்ட அதே எழுத்து. அது அசாம்காரர்களுடையது, அவர்களும் டகா என்றுதான் சொல்வார்கள் என்றான். படிக்கத் தெரியாவிட்டாலும் அவன் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. இந்தத் தாளை எத்தனை வருஷமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்! அந்த வரி முழுக்க முழுக்க என் பக்கம்தான் திரும்பி இருந்தது. அவனுக்கு டோக்கன் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, தண்ணீர் குடித்தேன்.

இங்கேதான் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அப்போது சாரத்திலிருந்து விழுந்த பையன் திருநெல்வேலியில் உயிரோடு இருந்தான். நான் செய்ய வேண்டியிருந்தது இரண்டே இரண்டு போன். ஒன்று ஆஸ்பத்திரிக்கு, ஒன்று ஸ்டேஷனுக்கு. தப்பாக எழுதிவிட்டேன், அவன் வங்காளத்துக்காரனாகவும் இருக்கலாம், அங்கே விசாரியுங்கள். இவ்வளவுதான். போனைக் கையிலும் எடுத்தேன். என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன். எதை வைத்து எழுதினீர்கள் என்பார்கள். பத்து ரூபாய்த் தாளை வைத்து என்று சொல்ல வேண்டும். டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதம், அவரையும் கூப்பிடுவார்கள். ஊரெல்லாம் சிரிக்கும். வேலை போனாலும் போகும். நாளைக்குப் பார்ப்போம் என்று போனை வைத்துவிட்டேன். நோட்டில் அந்த ஒரு வார்த்தையை அடித்து எழுதவாவது செய்திருக்கலாம். பேனா கையில்தான் இருந்தது. அதையும் செய்யவில்லை.

வீட்டுக்குப் போய் வீட்டுக்காரர் மேல் பாய்ந்தேன். "நீங்கதான டாகான்னா பங்களாதேஷுன்னு சொன்னீக?"

"ஆமா, அவனுவ அப்படித்தான் சொல்லுவானுவ. அதுக்கென்ன இப்போ?"

"கல்கத்தாக்காரனும் டாகான்னுதான் சொல்லுதான்."

"சொல்லிட்டுப் போறான். எங்க ரூம்ல கல்கத்தாக்காரன் யாரும் கெடயாது. நான் கண்டேனா?" விஷயத்தைச் சொன்னேன். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு முழுதும் கேட்டார். "போன் பண்ணி சொல்லிரு. பேசினா பேசிட்டுப் போறான். ஒரு உசுருல்லா" என்றார். சரியாகத்தான் சொன்னார். எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது. சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் எனக்கு வாராந்திர லீவு. அதற்கு மறுநாள் காலையில் சிஸ்டர் சொன்னாள். "சேச்சி, அந்தச் சாரத்தில இருந்து விழுந்த ஆள் இன்னிக்கு விடியக்காலையில போயாச்சு. ஆம்புலன்ஸ் டிரைவர் சொன்னார்." அவள் கண் கலங்கியிருந்தது. நான் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். என்ன எழுதினேன் என்று நினைவில்லை.

உடலை அங்கே கொஞ்ச நாள் வைத்திருந்தார்கள். எழுத வேண்டிய இடத்துக்கெல்லாம் எழுதினார்களாம். வேற்று நாட்டான் என்று எழுதினால் பதில் எங்கிருந்து வரும்? ஒருவரும் வரவில்லை. பிறகு ஊர்ப் பொது மயானத்தில், ஆளில்லாத பிணங்களை அடக்கம் செய்கிற ஓரத்தில் புதைத்துவிட்டார்கள். இதையும் டிரைவர்தான் சொன்னார். நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

சீசன் முடிந்து கூட்டம் குறைந்த பிறகு, ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும், ஒருவன் கவுண்டர் முன்னால் வந்து நின்றான். முப்பது வயசு. கையில் போனைப் பிடித்திருந்தான். முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதே நெற்றி, அதே மூக்கு. போனில் இருந்த போட்டோவை என் பக்கம் திருப்பினான்.

அவன் மலையாளத்தில் பேசினான். பெரும்பாவூரில் பிளைவுட் கம்பெனியில் ஆறு வருஷமாக வேலையாம். செங்கோட்டை எல்லையில் இருக்கிற எங்களுக்கு மலையாளம் புரியும். சிஸ்டரும் வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள். போட்டோவில் இருப்பவன் தன் தம்பி என்றான். ஊர் முர்ஷிதாபாத் ஜில்லா. கூட வேலை பார்த்தவர்கள் பயந்து ஓடிப்போய், நாலு நாள் போனை அணைத்து வைத்திருந்துவிட்டு, பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்களாம். எந்த ஆஸ்பத்திரி என்று அவர்களுக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. அவன் தென்காசிப் பக்கத்து ஆஸ்பத்திரி நம்பர்களையெல்லாம் தேடித் தேடிக் கூப்பிட்டிருக்கிறான்.

"இங்கேயும் விளிச்சேன் சேச்சி," என்றான். "ஒரு பெண்குட்டி நோட்டைப் பார்த்துச் சொன்னாள். வங்காளத்துக்காரர் யாரும் இல்லை, பங்களாதேஷ்காரன் ஒருவன்தான் வந்தான் என்று. சரி, நம்ம ஆள் இல்லை என்று வைத்துவிட்டேன். எங்கேயும் கிடைக்காமல், இப்போது போட்டோவோடு ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக நேரில் வந்து கேட்கிறேன்."

அவன் கூப்பிட்ட நாளைக் கேட்டேன். என் வாராந்திர லீவு நாள் அது, கவுண்டரில் வேறு பெண் உட்கார்ந்திருந்தாள். நான் அடித்து எழுதாமல் விட்டுப் போனதற்கு மறுநாள். தம்பி அன்றைக்கு உயிரோடு இருந்தான். பெரும்பாவூரிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு ராத்திரிப் பயணம்.

சிஸ்டர் என்னைப் பார்த்தாள். அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தம்பி இறந்துவிட்டதை அவள்தான் சொன்னாள். எங்கே புதைத்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னாள். அவன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தான். தோள் குலுங்கியது. வெகுநேரம் கழித்து எழுந்துவந்து என்னிடம் கேட்டான். "சேச்சி, அவன் எந்தெங்கிலும் பறஞ்ஞோ?"

ஏதாவது பேசினானா? அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவன் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

"தொஷ் டாகான்னு சொன்னான். ரெண்டு தடவ சொன்னான். அதுக்கப்புறம் பேசவே இல்ல."

அவன் புருவம் சுருங்கியது. வெளியே வராந்தாவுக்குப் போய் ஊருக்கு வீடியோ கால் போட்டான். கண்ணாடி வழியாக எனக்குத் தெரிந்தது. தலையில் முக்காடு போட்ட ஒரு பெண், சின்ன வயசு. தம்பி பெண்டாட்டி. அவள் அழுதாள். அவன் ஏதோ சொன்னான், நடுவில் தொஷ் டாகா என்று கேட்டது. அவள் அழுகையை நிறுத்திவிட்டு அதையே திருப்பிக் கேட்டாள். இரண்டு பேரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவன் போனை வைத்துவிட்டு உள்ளே வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பத்து ரூபாயை எடுத்து, இரண்டு கையாலும் என் மேஜையில் வைத்தான்.

சிஸ்டர்தான் கேட்டுச் சொன்னாள். தம்பி யாரிடமோ பத்து ரூபாய் கடன் வாங்கியிருக்க வேண்டுமாம். டீக்கோ பீடிக்கோ இருக்கும். சாகிற நேரத்தில் அதைத்தான் இரண்டு தடவை சொல்லியிருக்கிறான். கடனோடு போனவனுக்கு அங்கே நிம்மதி கிடையாது, யாரிடம் வாங்கினான் என்று தெரியாவிட்டாலும் அவன் கடைசியாகக் கிடந்த இடத்திலாவது கொடுத்துவிட்டு வா என்று தம்பி பெண்டாட்டி சொல்லுகிறாளாம்.

கடையநல்லூர் முஸ்லிம்கள் வீட்டில் துக்கத்துக்குப் போனபோது நான் பார்த்திருக்கிறேன். தொழுகைக்கு முன்னால் மகனோ தம்பியோ எழுந்து நின்று, இவர் யாருக்காவது கொடுக்க வேண்டியிருந்தால் என்னிடம் கேளுங்கள் என்பார். இந்தத் தம்பிக்கு அப்படிச் சொல்ல அன்றைக்கு ஒருவரும் இல்லை.

அவன் ஒருவருக்கும் கடன்பட்டவன் இல்லை. நான் கேட்ட கேள்விக்கு, மண்டை உடைந்து கிடந்த நேரத்திலும், சரியாகப் பதில் சொன்னான். அதை அண்ணனிடம் சொல்ல வேண்டுமென்றால், ஏன் கேட்டேன், கேட்டு என்ன எழுதினேன், எழுதியதை ஏன் திருத்தவில்லை என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பத்து ரூபாய் மேஜையில் கிடந்தது. "வேண்டாம், எடுத்துக்கிடு" என்றேன். அவன் எடுக்கவில்லை. கையைக் கூப்பினான். "ரசீது தாங்க சேச்சி. அவளுக்கு அனுப்பணும். பார்த்தால் சமாதானம் ஆவாள்."

ரசீதுப் புத்தகத்தை எடுத்தேன். பெயர் என்ற இடத்தில் தம்பியின் பெயரைக் கேட்டு எழுதினேன். அவன் பெயரை அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டேன். ஊர் என்ற இடத்தில் கிராமம், ஜில்லா, மேற்கு வங்காளம் என்று எழுதினேன். எங்கள் ரசீதில் நாட்டின் பெயரை எழுதுகிற வழக்கம் கிடையாது, இருந்தாலும் இந்தியா என்று எழுதினேன். எதற்காக என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. சிஸ்டர் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். 'இதர' என்று எழுதினேன்.

ரூபாய் பத்து மட்டும் என்று போட்டு, கையெழுத்திட்டு, கிழித்துக் கொடுத்தேன். அவன் அதைப் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினான். பிறகு நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எனக்கு நன்றி சொன்னான்.